தெரிந்த வழியைக் கேட்பவர்

ரங்கூனில், டாலாவுக்குப் போகும் படகுத்துறையில் அன்று ஒரே ஒரு படகுதான் நின்றது. அது எதிர்க்கரைக்குப் போகும், திரும்பி வரும். வேறு எங்கும் போகாது. இருந்தும் அக்கா சீட்டுக் கொடுப்பவரின் சன்னலில் குனிந்து, "டாலாவுக்கு எந்தப் படகு?" என்று பர்மியில் கேட்டார்.

சீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பர்மாக்காரர்கள் அக்காவை அழைப்பதுபோல 'அமா' என்று தொடங்கினார். "அமா, ஒரே படகு, ஒரே ஆறு. நீந்தித்தான் போவேன்னா அது உங்க இஷ்டம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அந்தப் படகு மதியம் பழுதுபார்ப்புக்குப் போகிறது, பிற்பகலில் திரும்பி வர நேரமாகும் என்ற செய்தி அவருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அது கேட்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். அந்த நாளின் டைரியில், "அக்கா படகுத்துறையிலும் வழி கேட்டார். அவர் பிறந்த நாட்டில், முப்பது வருடமாக வாழும் ஊரில்" என்று எழுதியிருக்கிறேன்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் வழி தெரிந்தவர். அதுதான் அவர் வேலை. அந்த வேலையை அவர் வழி கேட்டே செய்தார்.

நகரின் போட்டாதாங் பகுதியில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கார்த்திகை முதல் மாசி வரை வெளிநாட்டு விருந்தாளிகளை மேல் பர்மாவின் வறண்ட பகுதிக்கு அழைத்துப்போவோம். பகோக்குவுக்கு மேற்கே, சின் மலையடிவாரம் வரைக்கும், பத்து நாள் பயணம். இரண்டு ஜீப்புகள், கூடாரங்கள், சமையல் சாமான்கள். அங்கே ஆறுகள் வருடத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கும். இரண்டு கரைகளுக்கு நடுவே அரை மைல் அகலத்துக்கு வெள்ளை மணல். கரையில் பனை, உடைமுள், எள்ளு வயல். பெண்கள் மணலைத் தோண்டிக் குழியில் ஊறும் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைப்பார்கள். முதல் தடவை வருகிறவர்கள் இறங்கிப்போய்க் குழிக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

அக்கா வழிகாட்டி. நான் சாமான்களுக்குப் பொறுப்பு. கூடார ஆணி முதல் தீப்பெட்டி வரை என்னிடம் பட்டியல் உண்டு. அத்துடன் யாரும் கேட்காமலேயே இன்னொரு வேலையும் செய்தேன்: ஜீப்பின் மைல் எண்ணைப் பார்த்து வழியைக் குறித்துவைப்பது. "12.4 - ஒற்றைப் பனை, வலது. 14.1 - இடிந்த செங்கல் கோபுரம், நேர்." நான்கு பயணங்களில் அந்த நோட்டு முழு வழியையும் தன்னுள் கொண்டுவிட்டது. இன்றும் அது என்னிடம் இருக்கிறது.

அந்த ஊர்ப் பக்கத்தில் வழியோரம் ஒரு சின்னக் கூரை, அதன் கீழ் இரண்டு மூன்று மண்பானை, மேலே ஒரு தகரக் குவளை இருக்கும். வழிப்போக்கர்களுக்காகப் பக்கத்துக் கிராமத்தார் வைப்பது. தினமும் யாராவது வந்து நிரப்புவார்கள். அக்கா ஒரு பானைக் கூரையைக்கூட விடாமல் வண்டியை நிறுத்தச் சொல்வார். இறங்கி ஒரு குவளை தண்ணீர் குடிப்பார். கண்ணில் படுகிற முதல் ஆளிடம் வழி கேட்பார்.

கேட்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எதிராளி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். முடித்ததும் அதைத் திருப்பிச் சொல்வார். சொல்லும்போது ஒரு இடத்தில் தவறாகச் சொல்வார்.

"மூணாவது பனைக்கிட்ட இடது பக்கம். அப்படித்தானே, ஊலே?"

"வலதுன்னு இப்பதானே சொன்னேன்! என்ன பொண்ணு நீ!" 'ஊலே' என்று மாமா முறை வைத்து அழைக்கப்பட்ட கிழவர் எழுந்துவிடுவார். கையைப் பிடிக்காத குறையாகக் கூட வந்து, ஐம்பது அடி நடந்து, பனையைக் காட்டுவார். காட்டும்போதுதான், அதற்கு அப்பால் பலகைப் பாலத்தில் இரண்டு பலகை போய்விட்டது என்பதும் நினைவுக்கு வந்து சொல்வார்.

கடைசியாக, கேட்கப்படாமலேயே அக்கா எங்கள் செய்தியைச் சொல்வார்: நாங்கள் எத்தனை பேர், எத்தனை வண்டி, இன்று எங்கே தங்கப்போகிறோம்.

முதல் பயணத்து டைரியில் "அக்காவுக்குக் காது சற்று மந்தமோ" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் பயணத்தில், "மந்தம் இல்லை. கவனம் போதவில்லை." இதை அவரிடம் மறைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு மதியம் அவரே நோட்டை எடுத்துப் படித்தார்.

"காது மந்தமா? நல்லா எழுதியிருக்க தம்பி. எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொல்வாரு. ஆனா அவரு எழுதி வெக்கல."

அக்காவுடைய அப்பா மேல் பர்மாவில் தாசி என்ற ஊரின் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்தப் புழுதியில் வளர்ந்தவர் அக்கா. வெயிலில் தொப்பி போடமாட்டார். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, தலையில் துண்டு. விருந்தாளிகள் தூங்கும் கூடாரத்தின் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். ஆற்றுமணலில் கூடாரம் போட ஒருநாளும் விடமாட்டார். எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் கெஞ்சினாலும், "மணல்ல உக்காருங்க, ஆடுங்க, பாடுங்க. படுக்க மட்டும் கரைக்கு வாங்க" என்பார்.

ஐந்தாவது பயணம் தீபாவளி முடிந்த வாரத்தில் புறப்பட்டது. வந்தவர்கள் மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஐந்து தமிழர்கள்: ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர், அவர் மனைவி, மனைவியின் தங்கை, அளவையாளரின் நண்பர்கள் இருவர். அளவையாளருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் எப்போதும் செயற்கைக்கோளை வைத்து வழிகாட்டும் கருவி, கழுத்தில் பைனாகுலர், பேச்சில் மலேசியத் தமிழரின் 'லா'. முதல் நாளிலேயே அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன லா, மறுபடியும் நிப்பாட்டிட்டாங்க? வயிறு சரியில்லையா இந்த அம்மாவுக்கு?"

"வழி கேக்கறாங்க சார்" என்றேன்.

"கைடு வழி கேக்குதா? அப்ப நாம யாருக்குக் காசு கட்டினோம்? அந்தப் பானைக்காரக் கிழவனுக்கா?"

நண்பர்கள் குலுங்கினார்கள். அக்கா குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

"சார் கேட்டது காதுல விழுந்துச்சு. போன வருஷம் ஓடின எடத்துல இந்த வருஷம் ஆறு ஓடாது சார். நான் ரங்கூன்ல உக்காந்திருந்தேன். அந்தத் தாத்தா இங்கயே உக்காந்திருந்தாரு."

"என் மெஷின் மேலே வானத்துல உக்காந்திருக்கு லா" என்றார் அளவையாளர்.

எனக்குள் நான் அவர் பக்கம்தான் இருந்தேன். அன்று மட்டும் பதினோரு முறை நின்றோம். பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாக, இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள் காலை அளவையாளரின் மைத்துனி கல்லில் கால் பிசகி விழுந்தார். கணுக்கால் பந்து போல வீங்கிவிட்டது. அக்கா அவரையும் துணைக்கு அளவையாளரின் மனைவியையும் ஒரு ஜீப்பில் ஏற்றி, பின்னால் இருந்த சின்ன ஊரின் வைத்தியரிடம் அழைத்துப்போவது என்று முடிவானது. மற்ற மூன்று பேரை இன்னொரு ஜீப்பில் அடுத்த தங்குமிடத்துக்கு நான் கொண்டுசேர்க்க வேண்டும். ஓட்டுநர் கோ நைங். தங்குமிடம் ஆற்றின் கிழக்குக் கரையில், பெரிய புளியமரம் நிற்கும் மேடு. நான்கு முறை அங்கே படுத்திருக்கிறோம்.

வண்டி கிளம்பும்போது அக்கா சன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"தம்பி, ஒன் நோட்டு நல்ல நோட்டு. இருந்தாலும் பானை இருக்கிற எடத்துல எல்லாம் நில்லு. வழி கேளு. சரியா?"

"சரிக்கா."

நான் கேட்கவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. என் பர்மி பள்ளிக்கூடப் பர்மி. அந்தப் பக்கத்துக் கிழவர்கள் பேசுவது பாதிதான் புரியும். அளவையாளர் முன்னிருக்கையில் இருந்தார். நோட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் ஜீப்பின் எண்ணோடு ஒத்துவந்தது. முதல் பானைக் கூரையில் யாரோ எழுந்து கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். இரண்டாவதில் ஒரு பெண் ஏதோ கத்தினாள். கோ நைங் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்து, "நேர்" என்றேன்.

"இதுதான் லா வேலை!" என்று அளவையாளர் என் தோளில் தட்டினார்.

17.2 மைலில் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மணல் பட்டை இருந்தது. எழுபது எண்பது அடி அகலம். என் நோட்டில் அது இல்லை. மேடு எதிரே தெரிந்தது, புளியமரம் தெரிந்தது. கோ நைங் நான்கு சக்கர கியரைப் போட்டுக் கடந்தார். நான் ஓரத்தில், "17.2 - மணல் சற்றுக் கூடுதல்" என்று எழுதிக்கொண்டேன். எழுத்து அழகாகவே விழுந்திருக்கிறது.

வழக்கமான நேரத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம் முன்னதாகச் சேர்ந்தோம். கூடாரம் போட்டோம். விருந்தாளிகள் நிழலில் படுத்தார்கள். வானம் சுத்தமாக இருந்தது. மேற்கே மலைக்கு மேல் மட்டும் கருநீலமாக ஒரு கோடு.

மூன்றே முக்கால் மணிக்கு அக்கா அந்த மணல் பட்டையைத் தாண்டி நடந்து வந்தார். தனியாக இல்லை. பின்னால் நெற்றியில் தழும்புள்ள ஒருவர் ஒரு ஜோடி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் தோளில் கயிறு. கூட இன்னொரு ஆள். அக்கா ஓடவில்லை. ஆனால் அவர் தலையில் துண்டு இல்லை. அவரைத் துண்டில்லாமல் வெயிலில் நான் பார்த்தது அன்றுதான்.

"தம்பி, எல்லாரையும் கெளப்பு. வண்டிய எடுக்கச் சொல்லு."

நான் சாமான் பட்டியலை எடுத்தேன். முதல் கூடாரத்தின் ஆணிகளைப் பிடுங்கி எண்ணத் தொடங்கினேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"ஆணிய விடு. ஆளுங்கள எண்ணு."

அளவையாளர் எழுந்து உட்கார்ந்தார். "என்னம்மா அவசரம்? வானத்தப் பாருங்க. ஒரு துளி மேகம் இல்ல."

"எனக்கும் தெரியாது சார். இவருக்குத் தெரியும்" என்று அக்கா மாட்டுக்காரரைக் காட்டினார். "மலையில நேத்து ராத்திரியிலேருந்து மழையாம். மேல ரெண்டு ஊர் தாண்டி வெள்ளம் வந்துடுச்சாம். இந்த மழைக்காலத்துல ஆறு இந்த மேட்டுக்குப் பின்னால புதுசா ஒடச்சிக்கிட்டுப் போயிருக்கு. நீங்க தாண்டி வந்தீங்களே மணல், அதான் ஆறு. இப்ப நீங்க கரையில இல்ல சார். ஆத்துக்கு நடுவுல படுத்திருக்கீங்க."

அளவையாளர் தன் கருவியைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.

அக்கா சொன்னபடி விருந்தாளிகள் மூன்று பேரும் நடந்து தாண்டினார்கள், நானும் நடந்தேன். ஜீப் பட்டையின் நடுவில் புதைந்தது. காலையில் காய்ந்திருந்த மணலில் அடியிலிருந்து ஈரம் ஏறியிருந்தது. மாட்டுக்காரர் கயிற்றை முன்புறம் கட்டி மாடுகளை அதட்டினார். நாங்கள் பின்னாலிருந்து தள்ளினோம். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் வந்தது. கரையேறி நான் திரும்பி நின்று எண்ணினேன்: ஐந்து. அக்காவோடு ஆறு. அந்த இருவரோடு எட்டு. மாடு இரண்டு.

பிறகு தண்ணீர் வந்தது. அலையாக வரும் என்று நினைத்திருந்தேன். முதலில் நுரையும் சருகும் குச்சியுமாக ஒரு பழுப்பு நாக்கு மணலை நக்கிக்கொண்டு மெதுவாக வந்தது. ஒரு குழந்தை அதற்கு முன்னால் நடந்துவிடலாம். அதன் பின்னால் சரக்கு ரயில் வருவது போன்ற சத்தம். கால் மணி நேரத்தில் மேட்டின் இரண்டு பக்கமும் ஆறு. அரை மணி நேரத்தில் மேட்டின் பாதி கரைந்து எங்கள் கூடாரங்களோடு போய்விட்டது. புளியமரம் நின்றது.

போனவை: கூடாரம் நான்கு, தண்ணீர்க் கேன் ஆறு, அடுப்பு ஒன்று, அளவையாளரின் பைனாகுலர். ஆள் ஒருவரும் இல்லை.

அன்று மாட்டுக்காரர் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி கருப்பட்டியும் தேநீரும் கொடுத்தார். அக்கா எப்படி எங்களைப் பிடித்தார் என்பதை கோ நைங்தான் விசாரித்துச் சொன்னார். வைத்தியரிடமிருந்து திரும்பியவர் முதல் பானையில் நின்று வழி கேட்டிருக்கிறார். அங்கிருந்த கிழவர், "உங்க வண்டி நிக்காம போச்சே, கைகூட காட்டினேன்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது பானையில் அந்தப் பெண், "புளியமரத்துப் பக்கம் போகாதீங்கன்னு கத்தினேன்" என்றிருக்கிறாள். மாடும் கயிறும் எங்கே கிடைக்கும் என்று அவளிடமே கேட்டுத்தான் அந்த வீட்டுக்கு வந்து, இரண்டு பெண்களையும் ஜீப்பையும் அங்கே விட்டுவிட்டு நடந்திருக்கிறார்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டாமல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்ததால் நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, தப்பு என்மேலதான்."

"ஆமா, ஒன்மேலதான்." கருப்பட்டியை விழுங்கிவிட்டு, "வழி ஒனக்குத் தெரிஞ்சா போதுமா தம்பி? நாம போறது அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

"அப்ப அந்தத் தப்புத் தப்பா திருப்பிச் சொல்றது?"

அவர் சிரித்தார். "சரியாச் சொன்னா, ஆமான்னுட்டுப் போயிடுவாங்க. தப்பாச் சொன்னாத்தான் எந்திரிச்சு வருவாங்க. எந்திரிச்சு வந்தவங்க நம்மள மறக்கமாட்டாங்க."

மறுநாள் முதல் பானைக் கூரையில் ஜீப் நிற்பதற்கு முன்பே அளவையாளர் இறங்கிவிட்டார். பர்மியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கிழவர் முன்னால் நின்று, இரண்டு கையாலும் ஆறு மாதிரி, மலை மாதிரி, வண்டி மாதிரி செய்து காட்டினார். கிழவருக்கு மூச்சு முட்டச் சிரிப்பு. இருந்தும் எழுந்து வந்து வழி காட்டினார்.

"என்னவாம் சார்?" என்றார் அக்கா.

"நேரா போகச் சொல்றார்னு நெனக்கிறேன். இல்லாட்டி சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றார்."

அதற்குப் பிறகு மூன்று பருவம் போனோம். பிறகு அந்தப் பக்கத்துச் சாலைகள் பயணிகளுக்கு மூடிப்போயின. அலுவலகமும் மூடியது. நான் ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் இருப்புப் பட்டியல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவைத் திருவிழாக்களில் கோயிலில் பார்ப்பேன். பிறகு அதுவும் குறைந்தது. கடைசியாகப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை என் கதவைத் தட்டியவருக்கு நெற்றியில் தழும்பு இருந்தது.

மாட்டுக்காரரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மாடு இல்லாமல் பார்த்ததில்லை. மனைவிக்குக் கண் அறுவைக்காக வந்திருக்கிறார், டாலாவில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார். கோ நைங் சொன்னதை வைத்து, தின்கன்ஜூன் மருந்துக்கடை, தமிழர், எல்லாவற்றையும் எழுதி வைக்கும் ஆள் என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து கேட்டுக் கேட்டு வந்ததாகச் சொன்னார்.

"அமாவைப் பாக்கணும்" என்றார். "ஒரு விஷயம் சொல்லணும்."

என்ன என்று கேட்டேன். அமாவிடம்தான் சொல்வேன் என்றார்.

என் நோட்டில் அக்காவின் முகவரி இருந்தது. வீட்டு எண், தெரு, எத்தனாவது மாடி, எல்லாம். போனோம். அங்கே வேறு குடும்பம் இருந்தது. அக்கா வீடு மாறியது அவர்களுக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. மாட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் நோட்டை மூடினேன். தெருமுனையில் வெற்றிலைக் கடை. அங்கே போய் நின்று, ஒரு அம்மா, தமிழ், தலையில் துண்டு, பெரியவர் என்று எனக்குத் தெரிந்த பர்மியில் ஆரம்பித்தேன்.

கடைக்காரி சுண்ணாம்புக் கையை நிறுத்தினாள். "தெனம் இங்க வந்து பேருந்து நிறுத்தத்துக்கு வழி கேக்கும், அந்த அம்மாவா? நிறுத்தம் அதோ இருக்கு, கண்ணுக்குத் தெரியுது. இருந்தாலும் கேக்கும்!" வீடு மாறும்போது போகும் இடத்தையும் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தேநீர்க் கடை, சைக்கிள் பழுதுபார்ப்பவர், தண்ணீர்க் கேன் போடுகிறவர் என்று எங்களை ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பினார்கள். எல்லாரும் முதலில் சிரித்தார்கள், பிறகு எழுந்து வந்து கைகாட்டினார்கள். கடைசித் திருப்பம் எது என்று எனக்கே தெரிந்துவிட்டிருந்தது. அங்கேயும் நின்று, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

அக்கா கீழ்த்தள வீட்டில் இருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. இப்போது மேல் பர்மாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், சீட்டு வாங்கி, உடன் இருந்து திருப்பி அனுப்புகிறாராம். "அந்த வராந்தாவெல்லாம் ஆறு மாதிரிதான் தம்பி. போன மாசம் இருந்த எடத்துல இந்த மாசம் இருக்காது" என்றார். மாட்டுக்காரரின் மனைவியை மறுநாளே தன்னோடு அழைத்துப்போவதாக ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகு மாட்டுக்காரர் வந்த விஷயத்தைச் சொன்னார். முட்டியில் கை வைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து, ஒப்பிப்பது போலச் சொன்னார். இந்த மழையில் ஆறு பழைய பக்கத்துக்கே திரும்பிவிட்டது. மேட்டுக்குப் பின்னால் உடைத்த வாய்க்கால் வண்டலால் தூர்ந்து, அதில் இப்போது நிலக்கடலை போட்டிருக்கிறார்கள். புளியமரம் மறுபடியும் கரையில் இருக்கிறது. பலகைப் பாலம் போய்விட்டது. அதற்கு மேற்கே ஒரு பர்லாங்கு தள்ளி இறங்க வேண்டும், செங்கல் கோபுரம் வலது கைப்பக்கம் வரும்.

"நாலஞ்சு வருஷமா யாரும் வந்து கேக்கல" என்றார். "எப்பவாவது ரோட்டத் தெறப்பாங்கல்ல. அதான், மாறினத நானே வந்து சொல்லிடலாம்னு."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு திருப்பிச் சொன்னார்.

"பாலத்துக்கு மேற்கே ஒரு பர்லாங்கு. அங்க எறங்கணும். செங்கல் கோபுரம் இடது கைப்பக்கம்."

"வலது, அமா! வலது!" மாட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வீட்டின் சுவரையே மலையாக்கி, சன்னலை ஆறாக்கி, கைநீட்டி நடந்து காட்டினார். சுவர் வரை போனவர் ஏதோ நினைவு வந்து திரும்பினார்.

"அந்த ரெண்டாவது பானை இருக்குல்ல, அதுக்குப் புதுக் கூரை போட்டிருக்கோம். தண்ணி தெனமும் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கோம்."

நான் நோட்டைத் திறந்தேன்.